ஐந்து லிட்டர்

கோவிந்தாபுரம் சாவடியில்
ஸ்கூட்டரின் காலிடுக்கில் இருந்த கேனைப் பார்த்து
எக்சைஸ்காரர் பிரசன்னன்
மூடியைத் திருகினார்.
குனிந்து மூக்கை வைக்கப் போனார்.
"வேண்டாம் சார்!" என்று நான் போட்ட கத்தலில்
பின்னால் நின்ற தக்காளி வண்டி
ஹாரனை நிறுத்திக்கொண்டது.

இந்த வழியில் போகும் கேன்களில்
அவர் தேடுவது ஒன்றே ஒன்று.
அதற்கு நிறம் கிடையாது.
இதுவோ கல்யாணப் பந்தி ஜூஸ் மாதிரி
வெயிலில் மின்னியது.

"எந்தா இது?"
படம் அச்சடிக்கிறேன் என்றேன்.
கருவேலம்பிசின், நீர்வண்ணம், பொட்டாசியம் டைக்ரோமேட்,
அதன்மேல் பத்து நிமிடம் பொள்ளாச்சி வெயில்.
வெயில் பட்ட பிசின் காகிதத்தைக் கவ்விக்கொள்ளும்.
படாதது தண்ணீரில் கழன்றுவிடும்.
கழன்றதெல்லாம் இது.
மூன்று மாதம், பதினேழு படம்.
தேறியவை நான்கு.

மலையாளத்தில் ஒரு வாக்கியம்,
தமிழில் ஒரு வாக்கியம் சொன்னார்.
இரண்டுக்கும் பொருள் ஒன்று:
ஓரமா ஊத்திட்டுப் போங்க.

எல்லோரும் சொல்வது அதுதான்.
வீட்டுக்கார ராக்கியப்பன்
தென்னைக்கு ஊத்தும்மா, உப்புதானே என்றார்.
பெயின்ட் கடையில் சொன்னார்கள்:
சாக்கடையில் விட்டு நாலு வாளி தண்ணி அடி.
நாலு வாளியில் அது கரையாது,
நாலு வாளி தூரம் நடக்கும்.

நானும் ஊற்றியிருக்கிறேன்.
முதல் தட்டை, பின்பக்க மடையில், பட்டப்பகலில்.
ஒன்றும் நடக்கவில்லை.
எனக்குப் பயம் வந்தது
அந்த ஒன்றும் நடக்காததில்தான்.
மடை தோப்பு வாய்க்காலுக்கு,
வாய்க்கால் மேற்கே.
அங்கே தண்ணீருக்கென்று
யாரும் சாவடி போட்டிருக்கவில்லை.

சித்தூர் கல்லூரி லேப்பில் லிஸம்மா
போனில் வாங்கிக்கொள்கிறேன் என்றவள்
நேரில் கையைப் பிசைந்தாள்.
வெளி ஆளின் விஷத்துக்கு
ரிஜிஸ்டரில் கட்டம் இல்லையாம்.
மூலையில் நின்று ஒரு தாளின் முதுகில்
எதற்குப் பின் எதை, எவ்வளவு என்று எழுதித்தந்தாள்.
ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடியும்.
"அஸ்கார்பிக் ஆசிட். ஆரஞ்சுப்பழத்தில இருக்கிறதே, அது.
ஆரஞ்சை ஆரஞ்சு வெச்சே அடக்கு."

திரும்பும்போது அதே சாவடி.
பிரசன்னன் கையை உயர்த்தவில்லை.
இரண்டடி பின்னால் நகர்ந்து
வழி விட்டார்.

ராத்திரி மொட்டை மாடியில்
கையுறை, முகமூடி, நீல பிளாஸ்டிக் வாளி.
ஒரு கரண்டி. கலக்கு. இன்னொரு கரண்டி.
ஆரஞ்சு, டிகாஷன் ஆனது.
டிகாஷன் சேறானது.
பிறகு, நான் கொசுவை அடித்துத் திரும்புவதற்குள்,
பச்சை.
குளத்தின் அடியில் கிடக்கும் பச்சை.
என் பதினேழு படங்களில் எதிலும்
இப்படி ஒரு நிறம் விழுந்ததில்லை.
போட்டோ எடுக்கத் தோன்றியது. எடுக்கவில்லை,
கையுறையில் அது இருந்தது.

சலவை சோடா போட்டதும் நுரைத்து அடங்கியது.
காலையில் மேலே தெளிந்த தண்ணீர்,
கீழே சாம்பல் பூத்த வண்டல்.
வடிகட்டி, காயவைத்து, ஜாடியில் அடைத்தேன்.
நூறு கிராம் தேறும்.
விஷம் போய்விடவில்லை,
கால் ஒடிந்து உட்கார்ந்திருக்கிறது.

கழிவு எடுக்கும் கம்பெனியைக் கூப்பிட்டேன்.
ஒரு டன்னுக்குக் குறைந்து வண்டி வராது மேடம்.
மூன்று மாதத்துக்கு நூறு கிராம் என்றால்
இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம்.
பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன்.
வைத்துவிட்டார்.

ஜாடி இப்போது மேல்தட்டில்,
தேறிய நான்கு படங்களுக்குப் பக்கத்தில்.
லேபிளில் பெயர், தேதி,
தமிழிலும் மலையாளத்திலும் திறக்காதே.
அடியில் என் போன் நம்பர்.
அதற்கும் அடியில், இடம் போதாமல் சரிந்த எழுத்தில்:
நான் வீட்டைக் காலி செய்துவிட்டாலும்
இது என்னுடையதுதான், கூப்பிடுங்கள்.